மையவாடியில் புல் மருந்து

எங்கள் ஊர் முஸ்லிம்களை அடக்கம் செய்யும் மையவாடி என் வார்டில்தான் இருக்கிறது. பேரூராட்சிப் புறம்போக்கு நிலம். அங்கே சுவர் எழுப்பலாமா, விளக்குப் போடலாமா என்று கூட்டத்தில் கை தூக்கிச் சொல்லும் உரிமை வார்டு மெம்பரான எனக்கு உண்டு. உள்ளே போகும் உரிமைதான் கிடையாது. எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குள் கால் வைப்பதில்லை. இறந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதுவதோடு சரி.

கை தூக்கும் உரிமையையும் நான் எடுத்து அனுபவித்தேன் என்று சொல்ல முடியாது. நத்தக்குடிக்காடு லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. எங்கள் ஆண்களில் பாதிப் பேர் சவூதியிலும் துபாயிலும் இருப்பார்கள், மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருப்பார்கள். 2001 தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் என் தம்பி சாகுல் ஹமீது என் பெயரைக் கொடுத்துவிட்டான். மெம்பராகும் ஆசை அவனுக்கு, மசக்கை எனக்கு. வாந்தி எடுத்துக்கொண்டே ஓட்டுக் கேட்டேன், ஜெயித்தேன். என் கணவர் ஆசிப் அப்போதுதான் தம்மாமுக்குப் போயிருந்தார். மசக்கை, பிரசவம், கைக்குழந்தை என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. சாகுல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்குப் பதிலாகப் போய்க்கொண்டிருந்தான். ஊரில் எல்லாரும் அவனைத்தான் 'மெம்பர்' என்று கூப்பிட்டார்கள். என்னை 'மெம்பரோட அக்கா' என்றார்கள்.

குழந்தைக்கு ஷைமா என்று பெயர் வைத்திருந்தோம். தவழ்ந்து தவழ்ந்து வாசற்படி வரை வருவாள், படியைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். காய்ச்சல் என்று பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. அவள் அத்தா ஆசிப் அவளைப் போட்டோவில் பார்த்ததுதான். லீவு கிடைக்கவில்லை, அவர் வரவில்லை. சாகுல்தான் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான்.

அடக்கம் செய்ததும் கபுர் என்கிற அந்த மண்மேட்டின் மேல் ஒரு பச்சைக் கொப்பு நட்டு, தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அது பச்சையாக இருக்கும் வரை இறைவனைத் துதித்து தஸ்பீஹ் செய்துகொண்டிருக்கும், அடங்கியிருப்பவர்களுக்கு அது ஆறுதல் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு என் வீட்டுக் கொல்லை மருதாணியில்தான் ஒரு கொப்பு ஒடித்தான் சாகுல். திரும்பி வந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். மையவாடியின் கிழக்குப் பக்கம் சுவர் இடிந்து இடுப்பளவுதான் நிற்கும். அங்கிருந்து காட்டினான். "அதோக்கா, அந்தக் குச்சி."

அந்தக் குச்சி துளிர்த்தது, கிளைத்தது. ரேஷன் கடைக்குப் போனாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாலும் சரி, அந்த உடைந்த சுவரோரம் ஒரு நிமிஷம் நின்று சலாம் சொல்லாமல் நான் நகர்ந்ததில்லை. மழையில் மண் கரைந்து சின்ன கபுரெல்லாம் தரையோடு தரையாகிவிட்டன. சுற்றிலும் பார்த்தீனியமும் ஆவாரையும் துத்தியும் மண்டிவிட்டன. எனக்கு மட்டும் என் மருதாணி தெரியும். நான் என் மகளைப் பார்ப்பது என்றால் அந்தச் செடியைப் பார்ப்பதுதான். வேறு ஒன்றும் எனக்கு இல்லை.

பராஅத் இரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆண்கள் எல்லாரும் மையவாடிக்குப் போய்த் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக ஓதிவிட்டு வருவார்கள். அதற்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை ஆசிப் போன் செய்தார். குரலில் ஒரே பெருமை.

"ரஷீதா, நம்ம ஊருச் சங்கத்துல இங்க எல்லாரும் சேந்து ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கோம். மையவாடியச் சுத்தம் பண்ண பேரூராட்சிக்குப் பணம் கட்டியாச்சு. பேச்சு எடுத்தது நான்தான். இங்கெல்லாம் மையவாடி எப்படி இருக்குன்னு நெனக்கிற? ஒரு புல்லு பூண்டு கெடயாது. வெறும் மணலு. நம்ம ஊருல பாரு, பாம்பு குடியிருக்கு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாம்பு இருந்தது உண்மை. நாலு ஆளை விட்டு வெட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாலைவனத்தில் மணல் வெறுமையாக இருப்பது தண்ணீர் இல்லாமல்தான், அதைப் போய்ச் சுத்தம் என்று எங்கள் ஆண்கள் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ரேஷன் கடைக்குப் போகும்போது பார்த்தால், பள்ளிக்கூட வேலியோரம் முழுக்கப் புல் கருகிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் அப்படித்தான். நெருப்பு வைத்த மாதிரியும் இல்லை, வெயிலில் காய்ந்த மாதிரியும் இல்லை. பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்க்கும் ராசாங்கம் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரம் பீய்ச்சிக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே இது?"

"புல்லு மருந்தும்மா. பேரூராட்சி எடம் எல்லாத்துக்கும் அடிக்கச் சொல்லியிருக்காங்க. அடிக்கறப்ப ஒண்ணும் தெரியாது, பச்சையாத்தான் நிக்கும். ரெண்டு மூணு நாளுல பொசுங்கிப் போவும்." துண்டை இறக்கிவிட்டுச் சிவந்த கண்ணைக் காட்டினார். "எனக்குத்தான் கண்ணு எரியுது. நாளைக்கு ஒங்க மையவாடி. அதோட முடிஞ்சிரும்."

பையையும் கார்டையும் ரேஷன் கடைத் திண்டிலேயே போட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினேன்.

சாகுல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். "மருதாணிதானக்கா? போச்சுன்னா வேற ஒண்ணு வச்சுக்கலாம்."

"எங்க வைப்ப?"

"அதே எடத்துலதான்."

"எந்த எடம்? வா, வந்து காட்டு. செடியில்லாம ஒனக்கு எடம் தெரியுமா?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. யோசித்தான். கையை இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் காற்றில் நீட்டிப் பார்த்தான். பிறகு கையை இறக்கிவிட்டான்.

"தெரியாதுக்கா," என்றான். "ஆனா போன கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சே. மச்சான் கட்டுன பணம் வேற."

"அந்தத் தீர்மானத்துக்கு யாரு கைதூக்குனது?"

என் கையைத்தான் அவன் தூக்கியிருக்கிறான். என் பிள்ளையின் அத்தா பணம் கட்டி, என் பேரில் என் தம்பி சம்மதம் சொல்லி, என் பிள்ளையின் அடையாளத்தை அழிக்கப் போகிறார்கள். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் நன்றாகத் திட்டவாவது செய்யலாம்.

தம்மாமுக்குப் போன் போட்டால் அவர் வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் மாதாந்திரக் கூட்டம். மையவாடிக்கு மதியத்துக்கு மேல்தான் மருந்தடிப்பார்கள் என்று சாகுல் விசாரித்துச் சொன்னான். புர்காவை மாட்டிக்கொண்டு முதல் முறையாகப் பேரூராட்சி ஆபீஸுக்குப் போனேன்.

வாசலில் உதவியாளர் கண்ணையன் மறித்தார். "மெம்பர்ங்க கூட்டம் நடக்குதும்மா. அப்பறம் வாங்க."

"நானும் மெம்பர்தாங்க. ஏழாவது வார்டு."

"ஏழாவது வார்டு மெம்பரு உள்ள வந்துட்டாரேம்மா!"

அவரைத் தாண்டி உள்ளே போனால், பழக்க தோஷத்தில் என் நாற்காலியில் சாகுல் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கூட்டமே பார்த்தது. மெதுவாக எழுந்து, சுவரோரம் போய் நின்றுகொண்டான். எதிர் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "அப்பாடி, இன்னைக்காவது வழி தெரிஞ்சுதா?"

இரண்டாவது வார்டு மெம்பர் ஆண்டாயி. கூலி வேலை செய்து, ஆடு வளர்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். யாரையும் தனக்குப் பதிலாக அனுப்பாமல் தானே வருவார், தானே சத்தம் போடுவார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"போன கூட்டத்துல இந்த மருந்து வேணாம்னு நான் கத்தறேன். ஒங்க தம்பிதான் மொதல்ல கையத் தூக்கறாரு," என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார் ஆண்டாயி. "ரோட்டோரப் புல்லு பூராவும் கருகிப் போச்சு. எங்க தெரு ஆடெல்லாம் எங்க போயி மேயும்? பள்ளிக்கூடத்துல புள்ளைங்க அந்தப் புல்லப் பிச்சு வாயில வைக்காதா?"

"அக்கா, அதப் பத்திப் பேசத்தான் நானும் வந்திருக்கேன்," என்றேன். அவர் முகம் மாறியது.

தலைவர் வேணுகோபால் நல்ல மாதிரி. சண்டை வந்தால் தண்ணீர் குடிப்பார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். "மையவாடி ஒங்க ஆளுங்க எடம். ஒங்க ஆளுங்களே கேட்டு, பணமும் கட்டியிருக்காங்க. இதுல நான் என்னம்மா பண்ணறது? போன மாசம் போட்ட தீர்மானத்த இந்த மாசம் மாத்துனா ஊரு சிரிக்காதா?"

"அரியலூர ஒரு வருஷம் தனி மாவட்டமாக்குனாங்க. மறு வருஷமே பெரம்பலூரோட சேத்துட்டாங்க. அதுக்கே ஊரு சிரிக்கலிங்க. நாம ஒரு புல்லு மருந்த நிறுத்துனாவா சிரிச்சிரும்?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து இந்த வாய் வந்தது என்று சாகுல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிர்வாக அதிகாரி, மருந்தினால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, கடைக்காரர் சொன்னார் என்று ஆரம்பித்தார். மண்ணுக்கு ஆகாதுங்க, செடிக்கு ஆகும் இல்லையா என்றேன். அதற்குத்தானம்மா அடிக்கிறோம் என்றார்.

பள்ளிக்கூடம், ஆடு, தண்ணீர்த் தொட்டி என்று பேசிவிட்டு, சொந்த விஷயத்தை எடுக்காமல் வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். அத்தனை ஆண்கள் முன்னால் பிள்ளை பேச்சை எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் எடுபடாது என்றும் தெரிந்துவிட்டது.

"எங்கள்ல கபுரு மேல பச்ச நடறது வழக்கங்க. அது களை இல்ல. ஒவ்வொரு வூட்டுக்காரங்களும் அழுதுகிட்டே நட்டு வச்சது. கல்லு நட வசதி இல்லாதவங்களுக்கு அதுதான் அடையாளம். பொம்பளைங்க நாங்க உள்ள போறதில்ல. ரோட்டுல நின்னு பாப்போம். என் புள்ளைக்கு ஒரு மருதாணி இருக்கு. அதுவும் போயிட்டா, எம்மவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்க."

நினைத்த மாதிரியே அழுதுவிட்டேன். ஆண்டாயி எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஐந்தாவது வார்டு மெம்பர் அஸ்ஃபாக் தொண்டையைச் செருமினார். தன் அத்தா கபுரில் இருக்கும் கத்தாழையும் போய்விடுமா என்று நிர்வாக அதிகாரியைக் கேட்டார். போய்விடும் என்றார் அவர். சுவரோரம் நின்ற சாகுல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அக்கா சொல்றது சரிங்க. நான்தான் யோசிக்காம கையத் தூக்கிட்டேன்," என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ஏரிக்கரை, ஆடு மாடு மேயும் ரோட்டோரம், மையவாடி, இடுகாடு எங்கேயும் இனிப் புல் மருந்து கிடையாது. ஆள் விட்டுத்தான் வெட்ட வேண்டும். வேறு எங்கேயாவது அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கூட்டத்தில் கேட்டு, முன்கூட்டியே தண்டோரா போட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஆண்டாயி ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, நிர்வாக அதிகாரி எழுதினார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் கையை நானே தூக்கியது அதுதான் முதல் தடவை.

டீ கொண்டுவந்த கண்ணையன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "மையவாடிக்கா? ராசாங்கம் காலையிலயே போயிட்டானேம்மா. மதியம் வெயிலு தாங்காதுன்னு."

டீயைக் கீழே வைத்தேனா, யார் கையிலாவது கொடுத்தேனா, நினைவில்லை. புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓடினேன். பின்னால் சாகுல் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் ஆண்டாயி, யாரையோ திட்டிக்கொண்டே. ஊர் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. பார்க்கட்டும்.

உடைந்த சுவரோரம் போய் நின்று பார்த்தேன். மருதாணி பச்சையாக நின்றது. ஆனால் பச்சையாக நின்று என்ன பயன்? அடிக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும் என்று அவரே சொன்னாரே. என் மகளின் செடி உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று கண்ணால் பார்த்தும் தெரியாத நிலையில் நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, "ராசாங்கண்ணே! ராசாங்கண்ணே!" என்று கத்தினேன்.

சாகுல் கேட் வழியாக உள்ளே ஓடினான். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில் ராசாங்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு பாதத்தைத் தூக்கித் தொடை மேல் வைத்துக்கொண்டு, ஊக்கால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேங்க் இருந்தது.

"எங்கெங்க அடிச்சீங்க? சொல்லுங்க!" என்று சாகுல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எங்கய்யா அடிச்சேன்? ஒரு சொட்டு அடிக்கல." அவருக்கு எரிச்சல். "ஒங்க ஆளுங்க அடங்கியிருக்கற எடத்துல செருப்புக் காலோட எப்படி மிதிக்கறதுன்னு கேட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்தேன். பத்தடி வக்கல, பூரா நெருஞ்சி. ரெண்டு காலும் முள்ளு. ஒண்ண எடுத்தா ஒண்ணு குத்துது. ஒக்காந்தவன்தான், எந்திரிக்க முடியல."

சாகுல் டேங்கைத் தூக்கிப் பார்த்தான். ததும்பியது. அப்படியே எனக்குக் கேட்கும்படி கத்தினான். "அக்கா! அடிக்கலக்கா! டேங்கு ரொம்பி இருக்கு!"

எனக்கு உயிர் வந்தது. அந்தச் சுவரோரமே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டாயி மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நெருஞ்சி முள் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, இரண்டு மெம்பர்களும் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ. முதலில் எரிச்சலாக இருந்த ராசாங்கமும், இனி மருந்தே அடிக்க வேண்டாம் என்று கேட்டதும், கண்ணு எரிச்சலாச்சும் நிக்குமே என்று நொண்டிக்கொண்டே கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை ஆசிப் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க அடையாளம் இருக்குன்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே, ரஷீதா."

"நீங்க கேக்கவே இல்லியேங்க."

அவள் போனதிலிருந்து நாங்கள் போனில் உடம்பு, சாப்பாடு, கரண்டு பில் என்று பேசினோம். அவளைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் அழுவேன் என்று அவர் பயந்தார். அவர் அங்கே தனியாக இருக்கிறாரே என்று நான் பயந்தேன். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் அழுதோம். சங்கத்தின் பணத்தில் ஆள் விட்டுப் பார்த்தீனியத்தை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்ட வந்த பெண்களை உள்ளே விடலாமா என்று ஜமாஅத்தில் ஒரு வாரம் யோசித்தார்கள். கடைசியில் ஆண்களே வந்து வெட்டினார்கள்.

மார்கழிப் பனியில் ஆசிப் லீவில் வந்து இறங்கினார். மறுநாள் காலைத் தொழுகை முடிந்து அப்படியே மையவாடிக்குப் போனார். நான் உடைந்த சுவரோரம் நின்றேன். அவர் தலையில் தொப்பி, கையில் ஒரு சொம்புத் தண்ணீர். உள்ளே செடிகளுக்கு நடுவே திகைத்து நின்றார். ஒரு ஆவாரைச் செடியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது இல்லிங்க. இன்னும் தள்ளி வாங்க."

இரண்டடி வந்து, ஒரு துத்திச் செடியைத் தொட்டார்.

"அதும் இல்ல. வலது பக்கம். அந்தக் கத்தாழையத் தாண்டுங்க. மெதுவா, அங்க சின்னப் புள்ளைங்க நெறைய பேரு இருக்காங்க."

அவர் குனிந்து, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். மருதாணிக்கு முன்னால் வந்து நின்றார். தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, தண்ணீரை மெல்ல ஊற்றினார். அவருடைய உதடு முதலில் சலாம் சொன்னது. பிறகு, சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஷைமா. அத்தா வந்திருக்கேம்மா."